தகட்டுத் தழும்பு

லினோலியத்தை நான் முதன்முதலில் பார்த்தது 1957-ஆம் வருஷம், கும்பகோணத்தில், மகாமகக் குளத்துக்குப் போகும் வழியில் ஒரு சந்தினுள் இருந்த சிறிய அச்சுக்கூடத்தில். டிரெடில் இயந்திரத்துக்குப் பின்னால், மை துடைத்துப் போட்ட கந்தல்களுக்கு நடுவே, ஏதோ ஒரு பங்களாவின் தரையிலிருந்து பெயர்த்து ஏலத்துக்கு வந்த அந்தப் பழுப்பு நிறச் சுருள், ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் சணல் துணியாகவும், தோல் என்றும் சொல்ல முடியாமல் மரம் என்றும் சொல்ல முடியாமல் கிடந்தது. குனிந்து முகர்ந்து பார்த்தேன். பழைய எண்ணெய்ச் சட்டியின் வாசனையும் மரத்தூளின் வாசனையும் கலந்தாற்போன்ற அந்த வாசனை, இன்றைக்கு என் பட்டறைக் கதவைத் திறக்கும்போது முகத்தில் வந்து மோதினாலும், அந்த க்ஷணமே நான் அரைக்கால் சட்டையோடு அந்தச் சந்தில் நிற்கிற பதினைந்து வயதுப் பையனாகிவிடுகிறேன்.

ஆளிவிதை எண்ணெயைக் காற்றுப் படவிட்டுக் கெட்டியாக்கி, தக்கைத் தூளும் மரப்பிசினும் சேர்த்துப் பிசைந்து, சணல் துணியின்மேல் அழுத்தித் தயாரிக்கிற பொருள் அது. பிரெடரிக் வால்டன் என்ற ஆங்கிலேயர் 1860-களில் அதற்கு உரிமை பெற்றது வீட்டுத் தரைகளில் விரிப்பதற்காக. மரத்துக்கு இருக்கிற இழையோட்டம் இதற்குக் கிடையாதாகையால், உளி எந்தப் பக்கம் திரும்பினாலும் தடையில்லாமல் போகும். இந்தக் குணத்தைக் கண்டுகொண்ட பிறகே அது ஓவியர்களின் கைக்கு வந்து சேர்ந்தது. எங்கள் ஊர் அச்சுக்கூடத்துக்கு அது வந்த காரணம் இன்னும் எளியது. நாடகத்துக்கும் திருவிழாவுக்கும் சுவரொட்டி அடிக்கும்போது, தெருக்கோடியிலிருந்து படிக்கும்படியான பெரிய எழுத்துக்கள் ஈய அச்சில் கிடைக்கவில்லை. ஆகவே அவற்றை லினோவில் வெட்டி, மரக்கட்டையில் ஒட்டி, ஈய எழுத்துக்களின் உயரத்துக்குக் கொண்டுவந்து, அவற்றோடு சேர்த்து முடுக்கிவிடுவார்கள்.

பள்ளிக்கூடத்தில் படம் நன்றாகப் போடுகிற பையன் என்று யாரோ சொன்னதன் பேரில், ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் முதலாளி என்னிடம் ஒரு துண்டையும் இரண்டு உளிகளையும் கொடுத்து, 'நாடகம்' என்ற ஒரே வார்த்தையை வெட்டி வரச் சொன்னார். அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் விடிய விடிய உட்கார்ந்து, இடது ஆட்காட்டி விரலில் ஒரு வெட்டும் வாங்கிக்கொண்டு (அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது), ஒவ்வொரு சுழியையும் முத்துப்போல் வெட்டி எடுத்துக்கொண்டு போனேன். மை தடவித் தாளை ஒற்றியதும் எழுத்து அத்தனையும் இடம் வலமாகத் திரும்பி வந்தது. அச்சுக்கோப்பவர்கள் இரண்டு பேரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். எனக்கு அழுகை தொண்டைக்கு வந்துவிட்டது. முதலாளி ஒரு வார்த்தை கடிந்துகொள்ளாமல், அந்தத் தாளை வாசல் பக்கம் எடுத்துப் போய் வெயிலுக்கு எதிரே, பின்பக்கம் தமக்குத் தெரியும்படி பிடித்தார். மை ஊடுருவிய அந்தப் பக்கத்தில் 'நாடகம்' என்று சரியாகவே இருந்தது. "தாளுக்குப் பின்னால நிக்கிறவனுக்கு இது சரியாத்தாம்ப்பா இருக்கு. இனிமே நீ அங்கே போய் நின்னு வெட்டு" என்று சொல்லிவிட்டு, மீதியிருந்த பாதிச் சுருளையும் என் கையில் கொடுத்தார். நான் அன்று அங்கே போய் நின்றவன்தான். அறுபது வருஷத்துக்கு மேலாகியும் திரும்பி வரவில்லை.

அந்தப் பாதிச் சுருளில் ஒரு துண்டை எடுத்து, அம்மா அம்மியில் அரைத்துக்கொண்டிருக்கும்போது என் குரல் கேட்டு நிமிர்ந்து பார்த்த கோலத்தை வெட்டினேன். அச்சடிக்க இயந்திரம் ஏது? கட்டையின்மேல் தாளைப் போட்டு, வீட்டு மர அகப்பையின் முதுகால் வட்ட வட்டமாகத் தேய்த்தே எடுத்தேன். முகத்தையும் கையையும் பற்றிய கவலையில் திருப்பி வரைய வேண்டும் என்பதை மறுபடியும் மறந்திருந்தேனாகையால், வலப்பக்கம் இருக்க வேண்டிய அம்மாவின் மூக்குத்தி இடப்பக்கம் போய்விட்டது. பக்கத்து வீட்டு மாமி முதற்கொண்டு எல்லோரும் அதைச் சுட்டிக்காட்டினார்கள். அம்மா மட்டும் வெகு நேரம் பார்த்துவிட்டு, "கண்ணாடியில பார்த்தா நான் எனக்கு இப்படித்தாண்டா இருக்கேன்" என்றாள். யோசித்துப் பார்த்தால் அது முழு உண்மை. ஊரார் காணும் முகத்தை நான் வெட்டியிருந்தேன். தாளில் வந்ததோ அவள் மட்டுமே அறிந்த முகம்.

அதற்கும் முந்திய ஒரு ஞாபகத்தை இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் என் வாழ்க்கையின் மற்றொரு பாதி அதிலிருந்து கிளைத்தது. என் தாத்தா வைத்திய ஏடுகள் வைத்திருந்தார். செல்லரித்த ஓலைகளைப் புதிய ஓலையில் பிரதி செய்வது அவருடைய ஓய்வுக்கால அனுஷ்டானம். எழுத்தாணி ஓடிய ஓலையைச் சற்றுத் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுமே இருக்காது; வெறும் கீறல். அவர் கோவையிலைச் சாற்றில் விளக்குக் கரியைக் குழைத்து ஓலை முழுதும் கறுக்கும்படி பூசி, பிறகு ஒரு துணியால் அழுத்தாமல் துடைப்பார். மேற்பரப்பிலிருந்த கறுப்பெல்லாம் துணிக்குப் போய்விட, கீறலுக்குள் புகுந்த கறுப்பு மாத்திரம் தங்கி, அதுவரை கண்ணுக்குத் தெரியாதிருந்த எழுத்து வரி வரியாக எழுந்து வரும். மையாடல் என்று அதற்குப் பெயர். ஐந்தாறு வயதில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த எனக்கு அது மந்திரம்.

1961-இல், சென்னையில் பூந்தமல்லி நெடுஞ்சாலையிலிருந்த அரசினர் கலைப்பள்ளியில், ஓவியர் பணிக்கர் முதல்வராக இருந்த காலத்தில், மாணவனாகச் சேர்ந்தேன். எட்சிங் என்ற வித்தையை எனக்குக் கற்பித்த ஆசிரியர் அதிகம் பேசாதவர். அவர் செய்து காட்டுவார். நாங்கள் பார்க்க வேண்டும். செம்புத் தகட்டை மெருகேற்றி, அதன் நான்கு விளிம்புகளையும், தாள் கிழியாதபடி, அரத்தால் சரிவாக ராவுவார். தகட்டைச் சூடேற்றி, தேன்மெழுகும் பிசினும் நிலக்கீலும் சேர்ந்த பூச்சை மெல்லிய தோலாக உருட்டுவார். பிறகு அதைக் கவிழ்த்துப் பிடித்து, கொத்தாகக் கட்டிய மெழுகுவத்திகளின் புகையில் காட்டிக் காட்டி, கறுப்புக் கண்ணாடிபோல் பளபளக்கச் செய்வார். அந்தக் கறுப்பின்மேல் ஊசி ஓடியதும் அடியிலிருக்கும் செம்பு தணல் நிறத்தில் மின்னும். ஊசிக்கு அங்கே பலம் வேண்டியதே இல்லை. மெழுகைத் திறந்துவிட்டால் போதும், உலோகத்தை அரிப்பது திராவகத்தின் வேலை. செம்புக்கு ஃபெரிக் குளோரைடு, துத்தநாகத்துக்கு நீர் கலந்த நைட்ரிக் அமிலம். குளோரைடில் குமிழி எழாது. ஆனால் கோடுகளுக்குள் வண்டல் தங்கிவிடுமாகையால் தகட்டைக் குப்புறப் போட வேண்டும். நைட்ரிக்கில் கோடு நெடுக முத்து முத்தாகக் குமிழி கட்டும்; அதை ஒரு புறா இறகால் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். லேசாக இருக்க வேண்டிய கோடுகளுக்கு ஐந்து நிமிஷம். அவற்றை வார்னிஷால் மூடிவிட்டு மற்றவற்றுக்கு மறுபடி பத்து, இருபது. ஆழ்ந்த கறுப்புக்கு அதற்கும் மேல்.

இத்தனையும் முடிந்து பூச்சைக் கழுவி எடுத்த தகட்டில், அவர் மையை வழித்துப் பூசி, கஞ்சி போட்ட மஸ்லின் துணியால் வட்டமாகத் துடைத்து, கடைசியில் சீமைச்சுண்ணாம்பு தடவிய உள்ளங்கையின் ஓரத்தால் மேற்பரப்பை மட்டும் தொட்டும் தொடாமலும் துடைத்தபோது, கீறல்களுக்குள் கறுப்பு நின்று வரி வரியாக எழுந்து வந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஐரோப்பாவிலிருந்து வந்த வித்தை என்று பயபக்தியோடு நான் நெருங்கிய காரியத்தின் பாதியைத் தாத்தா எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே செய்துகொண்டிருந்தார். ஏட்டில் அந்தக் கறுப்பு அங்கேயே நின்றுவிடுகிறது; இங்கே நனைத்துப் பதமாக்கிய கனத்த தாளை வைத்து, மேலே கம்பளத்தைப் போர்த்தி, இரண்டு இரும்பு உருளைகளுக்கு நடுவே நசுக்கித் தள்ளுகையில், தாள் அந்தப் பள்ளங்களுக்குள் இறங்கி மையைத் தூக்கிக்கொண்டு வருகிறது. வித்தியாசம் அவ்வளவுதான். ஆகையால் எட்சிங்கின் கோட்டைக் கண்ணை மூடிக்கொண்டு விரலாலும் அறியலாம். அது தாளின்மேல் மேடாக நிற்கும். தகடு அழுந்திய இடமெல்லாம் பள்ளமாகி, நான்கு புறமும் ஒரு விளிம்பு விழும். தகட்டுத் தழும்பு என்று நாங்கள் சொல்லுவோம். லினோவுக்கு அது கிடையாது.

சித்திரை மாதத்தில் ஒரு நாள், பள்ளியின் தகரக் கொட்டகையில், காவிரி மணலை வரைந்த துத்தநாகத் தகட்டைத் திராவகத்தில் விட்டுவிட்டு, மார்கழியில் வைத்திருந்த கணக்கையே மனத்தில் கொண்டு வெளியே போய்விட்டேன். வெப்பம் ஏற ஏற அமிலத்தின் வேகமும் ஏறும் என்பது படித்திருந்த பாடந்தான். திரும்பி வந்தபோது தொட்டிக்கு மேல் பழுப்புப் புகை எழுந்துகொண்டிருந்தது. மூன்று வார காலத்துக் கோடுகள் ஒன்றையொன்று தின்று, தகடு சொறி பிடித்த தோலாகிவிட்டது. அதிலிருந்து ஒன்றும் தேறவில்லை. விபத்திலிருந்து அற்புதம் பிறந்ததாகப் பல சிற்பிகளும் ஓவியர்களும் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அன்று பிறந்தது இரண்டு நாள் இருமல் மாத்திரம். அதன் பிறகு பருவத்துக்கொரு நேர அட்டவணை எழுதிச் சுவரில் தொங்கவிட்டேன். இன்றும் அக்கினி நட்சத்திர நாட்களில் விடியற்காலை ஐந்து மணிக்கு முன்னமே தகட்டை இறக்கிவிடுகிறேன்.

லினோவா, எட்சிங்கா என்று என்னிடம் கேட்கிறவர்கள் உண்டு. இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் விரோதமானவை. லினோவில் உளி எடுத்துப்போட்டது வெள்ளை; மிஞ்சியது கறுப்பு. தகட்டில் ஊசி தொட்டது கறுப்பு, தொடாதது வெள்ளை. ஆகையால் லினோவை எடுத்ததும் நான் அதன் மேல் முழுதும் கறுப்பு மை பூசிவிட்டு, விடிவதற்கு முன் இருண்ட சமையலறையில் அம்மா விளக்கேற்றும்போது முதலில் எது துலங்கும், அடுத்து எது துலங்கும் என்று நினைத்து, அந்த வரிசையிலேயே வெட்டிக்கொண்டு போவேன். வெளிச்சத்தை எவ்வளவு குறைவாகச் செலவழிக்கிறோமோ அவ்வளவுக்கு அது துலங்கும். உச்சி வெயிலில் நிற்கிற பொருள்களும், பாத்திரக் கடை வீதியில் அடுக்கிய குடங்களும், தேர்ச் சக்கரமும் எனக்கு லினோவில்தான் தோன்றும். கொடிக்காலுக்குள் புகுந்தாலோ கதை வேறு. வெற்றிலைக் கொடிகள் அகத்திமேல் ஏறி மூடிய அந்த ஈரமான பச்சை இருட்டில் எங்கே நிழல் முடிந்து எங்கே இலை ஆரம்பிக்கிறது என்று சொல்ல முடியாது. அங்கே கறுப்பு வெள்ளை என்று வெட்டிப் பேச இடமில்லை. பிசின் பொடியைத் தூசியாகத் தூவி, சூட்டில் ஒட்டவைத்து, பொடிகளின் இடுக்கில் திராவகம் கடித்துச் சாம்பல் நிறங்களை உண்டாக்கும் அக்குவாடிண்ட் முறைதான் அதற்கு உகந்தது. கொடிக்காலுக்காக நான்கு வருஷம் உழைத்தேன். பதினொரு தகடுகளில் இரண்டு எனக்குத் திருப்தி.

இந்தப் பாதையில் எனக்கு முன்னே போனவர்களின் வேலைகளை நேரில் பார்த்த தினங்களை நான் விசேஷ தினங்களாகவே எண்ணி வந்திருக்கிறேன். 1930-இல் உப்பு யாத்திரையின்போது நந்தலால் போஸ் லினோவில் வெட்டிய 'பாபுஜி'யை டில்லியில் பார்த்தேன்: கோலூன்றி நடக்கும் கிழவர், கறுப்பு நடுவே சில வெள்ளைக் கோடுகள், அதற்குமேல் ஒன்றுமில்லை. அதே 1930-இல் தாகூரின் பால பாடப் புத்தகமான 'சஹஜ் பாட்'டுக்கும் அவர்தான் லினோவில் சித்திரங்கள் வெட்டிக் கொடுத்தார். ஒரு தேசத்தின் யாத்திரைக்கும் அகர வகுப்புக் குழந்தைக்கும் அவர் ஒரே உளியை எடுத்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது. வங்காளப் பஞ்சத்தை ஊர் ஊராய் நடந்து வரைந்த சித்தப்ரசாத், பிற்பாடு பம்பாயில் வறுமையில் இருந்துகொண்டு, கூலி வேலை செய்யும் குழந்தைகளை லினோவில் வெட்டினார். சோம்நாத் ஹோர் 1970-களில் மையே இல்லாமல், காகிதக் கூழில் வெள்ளைமேல் வெள்ளையாகக் காயங்களை மட்டும் பதித்தார். அந்தத் தாள்களின் முன்னால் நிற்பது எளிதல்ல. சித்தூர்ச் சீமையில் பிறந்து, அடையாற்றுக் கலாக்ஷேத்திரத்தில் சில காலம் ஓவியம் கற்பித்து, பிறகு பாரிஸில் ஹெய்ட்டர் என்பவரின் அச்சோவியப் பட்டறைக்குப் போன கிருஷ்ணா ரெட்டி, எண்ணெய்ப் பதத்தில் வேறுபட்ட மைகள் ஒன்றையொன்று ஏற்றும் தள்ளியும் நிற்கும் குணத்தைக் கொண்டு ஒரே தகட்டில் பல வர்ணங்களை ஒரே அழுத்தத்தில் எடுக்கும் வழியை வளர்த்தவர்களில் ஒருவர். வர்ணத்தில் எனக்கு நாட்டம் குறைவு. ஆயினும் அவருடைய தகடுகளைச் சிற்பங்களாகவே வணங்குகிறேன்.

கண்காட்சிகளில் ஒரு கேள்வி வரும். இருபத்தைந்தில் ஏழு என்று பென்சிலால் எண்ணிட்டுக் கையெழுத்துப் போட்ட படத்தின் முன் நின்று, "இதனுடைய அசல் எங்கே இருக்கிறது?" என்று நல்லெண்ணத்தோடு கேட்பார்கள். அசல் இதுதான் என்றால் மற்ற இருபத்து நான்கும் என்னவென்று திகைப்பார்கள். அவையும் அசல்தான். தகட்டில் இருப்பது திரும்பிய கீறல், உலர்ந்த உலோகம். தாளை உரித்தெடுக்கும் நிமிஷம் வரை அந்தப் படத்தை ஒருவரும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. ஒவ்வொரு தாளுக்கும் புதிதாக மை பூசி, புதிதாகத் துடைத்து, புதிதாக நெஞ்சு அடித்துக்கொள்ள உரித்திருக்கிறேன். ஒரே படம் இருபத்தைந்து வீடுகளில், பணக்காரர் கூடத்திலும் பள்ளி ஆசிரியரின் ஒற்றை அறையிலும், ஒரே சமயத்தில் குறைவில்லாமல் இருக்க முடியும் என்பதற்காகவே நான் தூரிகையை விட்டு இதற்கு வந்தேன்.

எண்ணிக்கை முடிந்ததும் தகட்டின்மேல் குறுக்கே கீறி அதை அழித்துவிடுவது ஒரு சம்பிரதாயம். வாங்கினவருக்கு அது உத்தரவாதம். கொடிக்கால் தகடுகளில் எனக்குத் திருப்தியான இரண்டில் ஒன்றை, ஒரு காட்சிக்கூடத்தார் அப்படி அழித்துத் தர வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். பணத்தின் தேவையும் இருந்தது. கூர்ங்கருவியை எடுத்து மூலைக்கு மூலை இரண்டு கோடு இழுத்தேன். கை நடுங்கவில்லை, அது எனக்கு இன்னும் வருத்தம். அதற்கு அத்தாட்சியாக ஒரு தாளும் அடித்துக் கொடுத்தேன். நான்கு வருஷத்து நிழலின் குறுக்கே இரண்டு கறுப்புத் தழும்புகள். பிகாஸோ வல்லோரீஸில் செய்ததுபோல, ஒரே லினோவை வர்ணத்துக்கு வர்ணம் மேலும் மேலும் வெட்டிக்கொண்டு போகும் முறையில், படம் முடியும்போது கட்டையும் கரைந்துபோயிருக்கும். நானும் அப்படிச் செய்திருக்கிறேன், வருந்தினதில்லை. அது வேலையே உண்டு தீர்த்தது. இது அப்படியன்று. அன்றுமுதல் எண்ணிக்கைக்கு மேல் அடிப்பதில்லை என்று என் வார்த்தையை மட்டும் கொடுக்கிறேன். அதை ஒப்புக்கொள்ளாதவர்களுக்கு விற்பதில்லை. தகடுகள் மெழுகு பூசிக் காகிதத்தில் சுற்றி மரப்பெட்டியில் தூங்குகின்றன. லினோக் கட்டைகள் வயதாகி விறைத்துவிட்டன. வெயிலில் சற்று வைத்தால் இன்னும் இளகுகின்றன.

அம்மாவின் படத்தில் அகப்பையால் தேய்த்து எடுத்தவை ஆறு தாள்கள். ஐந்து எங்கெங்கோ போயின. ஒன்றை அவள் அந்த வாரமே, சோற்றுப் பசையை வழித்துப் பூசி, அடுக்களைச் சுவரில் அம்மிக்கு மேலே ஒட்டிவிட்டாள். தாளைப் பாதுகாக்கும் விதிகளைக் கற்றுக்கொண்டு சென்னையிலிருந்து விடுமுறைக்கு வந்த நான், அதைப் பெயர்த்துச் சட்டமிட எத்தனையோ பிரயத்தனம் செய்தும் அவள் சம்மதிக்கவில்லை. புகையில் அது தேன் நிறமாயிற்று. வருஷந்தோறும் பொங்கலுக்கு வெள்ளையடிக்க வருகிற ஆளிடம், "அதைச் சுத்தி அடிப்பா, மேலே படாம" என்று சொல்லி, முடியும்வரை பக்கத்திலேயே நிற்பாள்.

அவள் காலமான பிறகு, வீட்டை விற்பதற்கு முந்திய நாள், சாமான்களெல்லாம் வெளியேறிய அடுக்களையில் தனியாகப் போய் நின்றேன். ஜன்னல் வெளிச்சம் சாய்வாகச் சுவரில் விழுந்தது. நாற்பத்து மூன்று பொங்கல்களின் சுண்ணாம்பு படத்தைச் சுற்றிப் படலம் படலமாக ஏறி, தாள் மட்டும் உள்ளே தாழ்ந்து, நான்கு புறமும் ஒரு விளிம்பு கட்டியிருந்தது. ஆட்காட்டி விரலை வைத்து அந்த விளிம்பை ஒரு சுற்றுத் தடவினேன். பழக்கத்தால், மை ஒட்டியிருக்கிறதா என்று விரலையும் பார்த்தேன்.